டாங்கிக் கேம்: குண்டு கவசத்தைத் துளைக்க...

இறக்கக்கண்டிக் களப்பில் தட்டைக் கல்லைத் தாழ்வாக எறிந்தால் தண்ணீரில் துள்ளிப் பாயும். நேரே போட்டால் மூழ்கும். ‘வேர்ல்ட் ஒஃப் டாங்ஸ்’ போன்ற கேம்களில் குண்டு தெறிப்பதும் இதே மாதிரித்தான். போனில் விளையாடும் தம்பி, தங்கச்சிமாருக்குச் சில குறிப்புகள்:

● கவசத்தின் தடிப்பை மட்டும் பார்க்காதீர்கள், சரிவையும் பாருங்கள். 100 மி.மீ. தகடு செங்குத்திலிருந்து 60 பாகை சரிந்திருந்தால், நேரே வரும் குண்டு 200 மி.மீ. கடக்க வேண்டும். சோவியத் டி-34 டாங்கியின் 45 மி.மீ. முன்தகடு 90 மி.மீ.க்கு ஈடாக நின்றது இப்படித்தான்.

● எதிரி முகத்தைக் காட்டினால் அவசரப்பட்டுச் சுடாதீர்கள். பக்கவாட்டுக்கோ பின்புறத்துக்கோ சுற்றிப் போங்கள். அங்கே பெரும்பாலும் கவசம் மெல்லியது.

● எதிரியின் குண்டு சாய்வாகப் படும்படி உங்கள் டாங்கியைச் சற்றுத் திருப்பி நிறுத்துங்கள். அளவுக்கு மீறித் திருப்பினால் மெல்லிய பக்கம் வெளியே தெரிந்துவிடும்.

● சாதாரணக் கவசத்துளைப்புக் குண்டின் வலு தூரத்தோடு குறையும். வெடிமருந்துத் தாரையால் துளைக்கும் ‘ஹீட்’ குண்டுக்குக் குறையாது. ஆனால் சங்கிலிப்பட்டியிலோ வெளித்தகட்டிலோ பட்டால் அதன் வலு வீணாகும்.

● வெடித்துச் சேதப்படுத்தும் குண்டு வகையை மெல்லிய கவசமுள்ள டாங்கிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

● துளைக்காது என்று குறிகாட்டி சிவப்பில் காட்டினால் அந்த இடத்தை விடுங்கள். வேறு இடம் தேடுங்கள்.

வேகமாகச் சுடுபவரைவிட, கோணம் பார்த்துச் சுடுபவரே வெல்வார். அடுத்த ஆட்டத்தில் முதலில் கோணத்தைப் பாருங்கள், பிறகு சுடுங்கள்.