புது டைல்ஸ்: ஒட்டுமுன் படத்தில் பார்த்துக்கொள்ளலாம்

நம்மவர் வீடுகளில் தரையை மாற்றும் யோசனை பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான் எழுகிறது. ஒன்று, வீட்டில் கல்யாணம் நிச்சயமாகும்போது. மற்றொன்று, ஊரிலிருந்து வயதான அப்பா அம்மா நம்மோடு வந்து இருக்கப் போகிறார்கள் என்று முடிவாகும்போது. இரண்டிலும் அவசரம் உண்டு. கையிருப்பும் அளவோடுதான் இருக்கும். சுவரில் அடித்த பெயின்ட் பிடிக்கவில்லை என்றால் அடுத்த தீபாவளிக்கு மாற்றிவிடலாம். டைல்ஸ் அப்படியல்ல. ஒட்டியதை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உடைத்தது மறுபடி உதவாது. குப்பையை இறக்கும் கூலியும் நம் தலையில்தான்.

கடையில் ஒற்றை டைலைக் கையில் பிடித்துக்கொண்டு முழு ஹாலையும் மனத்துக்குள் விரித்துப் பார்ப்பது எல்லோருக்கும் கைவருவதில்லை. கடைக்காரரின் மாதிரி அறையோ நம் அறையைவிட இரண்டு மடங்கு பெரிது. கூரையில் இருபது விளக்குகள் வேறு. இந்தச் சிக்கலுக்குச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஓரளவு உதவுகின்றன. ஜெமினி, சாட்ஜிபிடி போன்றவற்றில் நம் அறையின் புகைப்படத்தையும் கடையில் எடுத்த டைலின் படத்தையும் சேர்த்துக் கொடுத்து, 'இந்தத் தரையில் இதைப் போட்டுக் காட்டு' என்று கேட்டால் சற்று நேரத்தில் படம் வந்துவிடுகிறது. ஓர் அளவு வரை இதற்குக் காசும் கேட்பதில்லை. இதை எப்படிச் செய்வது, வந்த படத்தை எவ்வளவு நம்புவது என்பதை இங்கே பார்ப்போம். இரண்டாவது கேள்விதான் முக்கியமானது.

முதலில், அந்தச் செயலி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அது நம் அறையை அளப்பதில்லை. ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தால், 'இப்படிப்பட்ட அறையில் இப்படிப்பட்ட தரை எப்படி இருக்கும்' என்று ஊகித்துப் படத்தைப் புதிதாக வரைகிறது. ஆகவே நம் ஜன்னல் ஓர் அடி அகலமாகலாம்; பழைய மேஜை புது மேஜையாகலாம்; அறையே பெரிதாகத் தோன்றலாம். சில டைல்ஸ் நிறுவனங்களின் இணையதளங்களிலும் இதுபோன்ற வசதி உண்டு. அவற்றில் அந்த நிறுவனத்தின் சரக்கை மட்டும்தான் போட்டுப் பார்க்க முடியும். ஆனால் டைலின் வடிவமும் நிறமும் அவர்களுடைய பட்டியலில் உள்ளபடியே வரும். இரண்டையும் முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை.

படம் எடுக்கும் முறை

பகல் 10 மணி சுமாருக்கு, எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். அறையின் ஒரு மூலையில் நின்று, கைபேசியை மார்பு உயரத்தில் நேராகப் பிடித்து, தரை படத்தின் பாதியையாவது நிரப்பும்படி எடுக்க வேண்டும். கைபேசியில் 0.5 என்று ஒரு அகலக் கோணம் இருக்கும், அதைத் தொடாதீர்கள். அது ஓரங்களை இழுத்துவிடும். பாய், சாக்கு, செருப்பு, குழந்தையின் விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் ஓரங்கட்டுங்கள். சோபாவும் பீரோவும் இருக்கட்டும். அவற்றோடு சேர்ந்துதானே தரையைப் பார்க்கப் போகிறோம்?

ஒரு சின்ன உபாயம். பழைய நாளிதழ்த் தாள்களைச் செலோடேப் போட்டு ஒட்டி, சரியாக 2 அடிக்கு 2 அடி சதுரமாக வெட்டி, தரையில் வரிசையாக மூன்று நான்கு விரியுங்கள். அப்படியே ஒரு படமும், எடுத்துவிட்டு ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். டைல் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதற்கு நாளிதழ் உள்ள படமே சாட்சி. செயலியின் கணக்கை அதை வைத்துத்தான் சரிபார்க்கப் போகிறோம்.

வீட்டுக்குள் எடுக்கும் படம் வெளியே போகிறது என்பதையும் மறக்க வேண்டாம். மேஜைமேல் கிடக்கும் ஆதார் நகல், பாஸ்புக், மின்சார பில், மருந்துச் சீட்டு முதலியவற்றை எடுத்துவிட்டே படம் எடுங்கள். வீட்டு மனிதர்கள், முக்கியமாகக் குழந்தைகள், படத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கேட்கும் முறை

'அழகான டைல்ஸ் போடு' என்று கேட்டால் ஏதோ ஒரு ஹோட்டல் வரவேற்பறைதான் வரும். தமிழிலேயே எழுதலாம், புரிந்துகொள்கிறது. கீழ்க்கண்டவாறு எழுதிப் பாருங்கள்:

"முதல் படம் எங்கள் ஹால். அகலம் 10 அடி, நீளம் 15 அடி. இரண்டாவது படம் நாங்கள் பார்த்த டைல்; அளவு 600க்கு 600 மில்லிமீட்டர்; பளபளப்பில்லாத மேட் வகை. முதல் படத்தில் தரையை மட்டும் மாற்று. டைல்களுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் சாம்பல் நிற இணைப்புக் கோடு தெரிய வேண்டும். சுவர், ஜன்னல், கதவு, சாமான்கள், வெளிச்சம் எதையும் மாற்றாதே. 10 அடி அகலத்தில் ஏறத்தாழ 5 டைல்கள் வர வேண்டும்."

முதல் தடவையே சரியாக வருவது அபூர்வம். 'டைல் சிறியதாக இருக்கிறது, பெரிதாக்கு', 'ஜன்னலை மாற்றிவிட்டாய், பழையபடி வை' என்று ஒவ்வொன்றாகத் திருத்தச் சொல்லலாம். ஆனால் நான்கைந்து திருத்தங்களுக்குமேல் போனால் படம் மூலத்தைவிட்டு விலகிக்கொண்டே போகும். அப்போது புதிதாக, அசல் புகைப்படத்திலிருந்தே தொடங்குவது மேல். இரண்டு மூன்று டைல்களை ஒப்பிடுவதானாலும் ஒவ்வொன்றையும் அசல் படத்தின்மேல்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

படம் சொல்லும் பொய்கள்

வந்த படத்தை ரசிக்குமுன் எண்ணுங்கள். சுவரோரமாக எத்தனை டைல்? 10 அடி அகலத்தில் 600 மில்லிமீட்டர் டைல் 8 வந்திருந்தால் அந்தப் படம் தவறு. சின்ன டைல் அறையைக் குறுக்கிக் காட்டும், பெரிய டைல் விரித்துக் காட்டும். அளவு தவறினால் நாம் எடுக்கும் முடிவும் தவறிவிடும்.

அடுத்தது இணைப்புக் கோடு. பளிங்கு மாதிரி நரம்போடிய டைல் என்றால், செயலி அந்த நரம்பை அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை ஒரே ஓட்டமாக இழுத்துவிடும். மலையைக் குடைந்து ஒரே கல்லாக எடுத்து விரித்தாற்போலப் பார்க்கப் பிரமாதமாக இருக்கும்! நிஜத்தில் டைல் என்பது அச்சடித்த சரக்கு. ஒரு டிசைனில் நாலு, ஆறு என்று சில முகங்களே இருக்கும். அவையே திரும்பத் திரும்ப வரும். 'இதில் எத்தனை முகம்?' என்று கடையில் கேளுங்கள். ஒரே முகம்தான் என்றால் ஒரே கறை ஐம்பது இடத்தில் இருப்பது போலத் தோன்றும்.

ஆத்தங்குடித் தரை மீது ஆசைப்படுவோர் நம்மில் நிறைய. காரைக்குடிக்கு அருகே ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகைமேல் சாயம் கலந்த சிமென்ட்டை ஊற்றி, சூளையில் சுடாமல், தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்திச் செய்கிறார்கள். கையால் செய்யும் அந்தப் பூவேலையைச் செயலி வரையும்போது இதழ்கள் ஒன்றோடொன்று சேராமல் குழம்பிவிடுகின்றன. இவ்வகைக்குப் படத்தை நிறத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அந்த டைலை அத்தனை தூரம் உடையாமல் கொண்டுவரும் செலவும் கணக்கில் வரவேண்டும். அதே பூவேலையை அச்சடித்த டைல்கள் வட இந்தியக் கடைகளிலும் கிடைக்கின்றன. நாட்டில் செய்யும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்துதான் வருகிறது.

நிறம் பற்றிச் சொல்லவே வேண்டாம். கைபேசியில் இரவு நேர மஞ்சள் திரை போட்டிருந்தால் வெள்ளை தந்தமாகும். அறையில் 6500 கெல்வின் வெள்ளை விளக்கா, 3000 கெல்வின் மஞ்சள் விளக்கா என்பதைப் பொறுத்தும் ஒரே டைல் இரண்டு விதமாகத் தெரியும். ஆகையால், படத்தை வைத்து ஐம்பது டைல்களை மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றிலும் இரண்டிரண்டு டைல்களை முன்பணம் கட்டி வீட்டுக்கு வாங்கி வந்து, ஜன்னல் பக்கத்தில் ஒரு பகலும் விளக்கடியில் ஓர் இரவும் போட்டு வையுங்கள். அந்த இரண்டு நாளில் தெரிவதைப் படம் ஒருநாளும் காட்டாது.

வயதானவர்கள் உள்ள வீட்டில்

செயலிக்குப் பளபளப்பில் ஒரு மோகம். கேட்காவிட்டாலும் தரையில் ஜன்னல் பிரதிபலிக்கும்படி வரைந்துவிடும். அதைப் பார்த்து மயங்கிக் குளியலறைக்கும் பளபள டைலைத் தேர்ந்தெடுத்தால், அதில் நடக்கப்போவது முழங்கால் வலியோடு இருக்கும் அம்மா. வழுக்குமா வழுக்காதா என்பதைப் படம் சொல்லாது. அதற்கு ஜெர்மானியத் தர அளவு ஒன்று உண்டு. ஆர் 9 முதல் ஆர் 13 வரை. எண் கூடக்கூடப் பிடிப்பு அதிகம். குளியலறைத் தரைக்கு ஆர் 10 அல்லது ஆர் 11 கேளுங்கள். அதற்குமேல் சொரசொரப்பானால் வீட்டில் சோப்புக் கறையைத் தேய்த்தே கை ஓய்ந்துபோகும். கடையிலேயே டைலின்மேல் சோப்புத் தண்ணீரை விட்டு வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

படம் நன்றாகவே உதவும் இடமும் இங்கேதான் இருக்கிறது. வெளியறையும் குளியலறையும் ஒரே வெளிர் நிறமானால், நடுவிலுள்ள படி கண்புரை உள்ளவருக்குத் தெரியாது. வாசற்படிக்குக் கறுப்பு கிரானைட் வைத்து ஒரு படமும், வைக்காமல் ஒரு படமும் கேட்டு வாங்கி, பெரியவர்களிடம் கண்ணாடி இல்லாமல் பார்க்கச் சொல்லுங்கள். "படி எங்கே இருக்கு, காட்டுங்கம்மா" என்றால் விடை கிடைத்துவிடும். மேடு பள்ளம் போல் தோற்றம் தரும் முப்பரிமாண டிசைன்களை இந்த வீடுகளில் தரைக்குத் தவிர்ப்பது நல்லது. சமதரையிலேயே காலைத் தூக்கி வைக்கத் தோன்றும்.

நம் வீடுகளுக்கே உரிய வேறு சில விஷயங்கள் எந்தச் செயலிக்கும் தெரியாது. தந்த நிற டைலில் மாக்கோலம் கண்ணுக்குத் தெரியாது. வாங்கி வந்த மாதிரி டைலில் கோலப்பொடியை இட்டுப் பாருங்கள். பூஜை அறைக்கும் வாசலுக்கும் அடர்ந்த நிறமே ஏற்றது. (அடுக்குமாடியில் கதவுக்கு வெளியே உள்ள நடைபாதை சொசைட்டிக்குச் சொந்தம், கேட்காமல் அங்கே கை வைக்க வேண்டாம்.) சமையல் மேடைச் சுவரில் வெள்ளை இணைப்புக் கோடு ஆறே மாதத்தில் மஞ்சள் பூசிக்கொள்ளும். படத்தில் அந்தக் கோட்டைச் சாம்பலாக மாற்றிப் பாருங்கள். கறை ஏறாத எபாக்ஸி கலவை விலை கூடுதல்தான் என்றாலும், தாளிக்கும் இடத்துக்கு மட்டுமாவது அதைப் போடலாம்.

மிஸ்திரியிடம் போகுமுன்

படத்தில் எல்லா டைலும் முழு டைலாகவே இருக்கும். நிஜம் வேறு. கடையில் 2 அடி என்று சொல்லும் டைல் உண்மையில் 600 மில்லிமீட்டர். 2 அடி என்பது ஏறத்தாழ 610. எனவே 10 அடி அகலத்தில் 5 டைல் போட்டபின் சுமார் ஒன்றரை அங்குலம் மிஞ்சும். மிஸ்திரி அந்த இடத்தில் ஒரு கீற்றை வெட்டிச் செருகிவிட்டுப் போவார். அது வாசலுக்கு நேரே அமைந்தால் ஆயுளுக்கும் உறுத்தும். அதற்குப் பதில் நடுவில் 4 முழு டைல் போட்டு, இரு ஓரங்களிலும் ஓர் அடிக்குச் சற்று அதிகமான துண்டுகள் வருமாறு பிரிக்கலாம். பிள்ளைகளின் கிராப் தாளில் இதை வரைந்து, செயலி தந்த படத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். மும்பையில் தரை டைலை 'லாதி' என்கிறார்கள். ஊருக்கு ஊர் சொல் மாறும். நமக்குப் பாஷை தடுமாறினாலும் வரைபடம் தடுமாறாது.

கணக்கையும் போட்டுக்கொள்வோம். 10க்கு 15 என்றால் 150 சதுர அடி. வெட்டும்போது வீணாவதற்கு 10 சதவிகிதம், 15. சுவரடியில் 4 அங்குலப் பட்டைக்கு, கதவு போக 45 அடி நீளம் என்றால் மேலும் 15. ஆக 180 சதுர அடி. இந்த அளவு டைல் பெட்டிக்கு 4 வரும், அதாவது 15.5 சதுர அடி. 12 பெட்டிகள் தேவை. ஒரு பெட்டி 25 முதல் 30 கிலோ இருக்கும் என்பதால் லிப்ட் இல்லாத கட்டடத்தில் ஏற்றுகூலியை முன்பே பேசிவிடுங்கள்.

பழைய தரையின் மேலேயே ஒட்டினால் இடிக்கும் செலவு மிச்சம். ஆனால் தரை உயர்வதால் கதவுகளின் அடியைச் செதுக்க வேண்டியிருக்கும், கட்டடத்தின்மேல் பாரமும் கூடும். சொசைட்டியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்வது அவசியம். குளியலறைத் தரையை உடைத்தால் நீர்க்கசிவுத் தடுப்பைப் புதிதாகச் செய்து, ஒரு நாள் முழுவதும் தண்ணீர் தேக்கி வைத்து, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இல்லை என்று பார்த்தபின்தான் டைல் ஒட்ட வேண்டும்.

பெட்டிகள் வந்து இறங்கியதும் அத்தனையிலும் ஒரே தொகுதி எண்ணும் ஒரே ஷேடு எண்ணும் இருக்கின்றனவா என்று மிஸ்திரி பிரிக்குமுன் நீங்களே பாருங்கள். வேறு தொகுதி என்றால் நிறம் ஒரு மாற்று குறைந்திருக்கும். ஒட்டிய பிறகு கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார். 13ஆவதாக ஒரு பெட்டியும் சேர்த்து வாங்கி, அந்தச் சீட்டு கிழியாமல் பரணில் போட்டு வையுங்கள். நான்கு வருஷம் கழித்துக் கிரைண்டர் கல் விழுந்து ஒரு டைல் விரிசல் விட்டால், அதே டிசைன் கடையில் கிடைக்காது.