யார் எதற்குத் தரமாட்டார்கள்? பாலர் நிதி ஒருங்கிணைப்பாளருக்கு

குடியிருப்பாளர் சங்கமோ, அரசு சாரா இயக்கமோ, சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையமோ உங்களைப் பாலர் திட்ட ஒருங்கிணைப்பாளராக வேலைக்கு எடுத்திருக்கிறது. இடம் பினாங்கு மாநிலத்தின் சுங்கை பினாங். முதல் வாரமே எல்லாரும் கேட்பார்கள்: "மானியம் எங்க வாங்கலாம்?" இந்தக் கேள்விக்குப் பின்னால் ஓடினால் ஆறு மாதம் போய்விடும், பட்டியல் நீளும், பணம் வராது. கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். எந்த அலுவலகம் எதற்குத் தரமாட்டாது? கட்டடத்தைப் புதுப்பிக்கத் தருபவர் சம்பளத்துக்குத் தரமாட்டார். மாதக் கட்டணத்துக்கு உதவுபவர் வாடகையைத் தொடமாட்டார். சாப்பாட்டுக்குத் தருபவருக்குச் சமைக்கும் அக்காவின் கூலி கண்ணில் படாது. ஒவ்வோர் அலுவலகத்தின் மறுப்பையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தால், எல்லாரும் கைவிட்ட இடம் ஒன்று தானாக வெளியே தெரியும். உங்கள் வேலை அங்கே ஆரம்பிக்கிறது.

வயதுக்கு ஒரு மேசை

மலேசியாவில் பிள்ளையின் பிறந்த தேதியை வைத்துத்தான் கோப்பு போகும் மேசை முடிவாகிறது. 4 வயதுக்குக் கீழே என்றால் தஸ்கா. 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம். பதிவு சமூக நல இலாகாவில். 4 முதல் 6 வரை தடிகா, நம் வாயில் பாலர் பள்ளி. 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம். பதிவு கல்வி இலாகாவில். இவை போக, ஆரம்பப் பள்ளிகளுக்குள் கல்வி அமைச்சு நடத்தும் பாலர் வகுப்புகள், ஊரக வட்டார மேம்பாட்டு அமைச்சின் கெமாஸ், ஒற்றுமைத் துறையின் தபிக்கா பெர்பாடுவான் எனத் தனித்தனி வாசல்கள்.

ஓர் அடுக்குமாடி வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை, மூன்று வயதுப் பையன், ஐந்து வயது அக்கா. தாய்க்கு இது ஒரே காலைப் பரபரப்பு. அரசாங்கத்துக்கு இரண்டு சட்டம், மூன்று நான்கு இலாகா. இந்தியாவில் 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் சத்துணவு, தடுப்பூசி, முன்பருவக் கல்வி மூன்றையும் அங்கன்வாடி என்ற ஒரு வாசலில் வைத்தது. அதற்கும் குறைகள் ஆயிரம் உண்டு. ஆனாலும் ஒருங்கிணைக்கும் பொறுப்பைத் திட்டமே ஏற்றுக்கொண்டது. இங்கே அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்.

கால்குலேட்டரை எடுங்கள்

தஸ்காவில் ஒரு வயதுக்குக் கீழ் 3 பிள்ளைக்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டும். 1 முதல் 3 வயது வரை 5 பிள்ளைக்கு ஒருவர். 3 முதல் 4 வரை 10 பிள்ளைக்கு ஒருவர். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இலிருந்து மாதத்துக்கு 1,700 ரிங்கிட். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பிள்ளைத் தலைக்குப் பங்கிட்டுப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு மாதம் 170 ரிங்கிட். ஒன்றரை வயதுக்கு 340. கைக்குழந்தைக்கு 567. முதலாளி கட்ட வேண்டிய 13 விழுக்காடு இபிஎஃப், சொக்சோ, வாடகை, தண்ணீர், மின்சாரம் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

2023 முதல் பிரசவ விடுப்பு 98 நாள். அது முடிந்ததும் தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டிய பெண்ணிடம் இருப்பது மூன்று மாதக் குழந்தை. செலவு மிக அதிகமான வயது அதுதான். அரசுப் பணமோ 5, 6 வயதில்தான் குவிகிறது, ஏனென்றால் மேலே சொன்ன வாசல்களில் பெரும்பாலானவை அந்த வயதுக்குத்தான் திறந்திருக்கின்றன. எல்லாரும் கைவிட்ட இடம் என்று சொன்னேனே, சுங்கை பினாங் போன்ற தொழிலாளர் வட்டாரத்தில் அது அநேகமாகக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவரின் சம்பளமாகத்தான் இருக்கும். முன்மொழிவு எழுத உட்காரும்போது "குழந்தைகளின் எதிர்காலம்" என்று தொடங்காதீர்கள். இந்த 567-ஐ முதல் பக்கத்தில் வையுங்கள். அதிகாரிகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

5, 6 வயதுக்குப் பணம் இருக்கிறது என்பதால் அந்த வயதுப் பிள்ளைகள் எல்லாரும் வகுப்பில் இருக்கிறார்கள் என்றும் எண்ண வேண்டாம். கோலாலம்பூர் வட்டாரத்தில் 17 மலிவு விலை அடுக்குமாடிகளை ஆராய்ந்து யுனிசெஃப் 2018-இல் வெளியிட்ட அறிக்கையில், அந்த வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேர்தான் பாலர் பள்ளிக்குப் போனார்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அந்த எண்களைத் தூக்கிப் பினாங்குத் தாளில் ஒட்டிவிடாதீர்கள். உங்கள் புளோக்கின் எண்ணை நீங்களே எடுங்கள்.

கணக்கெடுப்புக்கு முன்மாதிரி பக்கத்திலேயே

2011 கடைசியில் அமைந்த பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம், 2012-இல் தீவு, செபராங் பிறை நகராண்மைக் கழகங்கள் இரண்டையும் சேர்த்துக்கொண்டு, பெண்களின் தேவையையும் மக்கள் பங்கேற்பையும் வரவு செலவுக்குள் கொண்டுவரும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முன்னோடியாக எடுத்துக்கொண்ட குடியிருப்புகள் இரண்டு. பெருநிலத்தில் அம்பாங்கான், தீவில் நம் ஜாலான் சுங்கை பினாங் மக்கள் வீடமைப்புத் திட்டம். முதலில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற கணக்கெடுப்பு. அடுத்து ஆண்கள், பெண்கள், இளையோர், முதியோர் எனத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேச்சு. பிறகு எல்லார் கையிலும் போலிப் பணத்தாள்களைக் கொடுத்து, எது அவசியமோ அதற்குப் போடச் சொல்லி வாக்கெடுப்பு.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தத் தனித்தனிப் பேச்சை. கலந்த கூட்டத்தில் லிஃப்ட், வாகன நிறுத்துமிடம் என்று பேசியே ஒன்பது மணியாகிவிடும். பெண்களை மட்டும் உட்காரவைத்தால்தான், இரவு ஷிப்ட் நாளில் குழந்தை யார் வீட்டில் தூங்குகிறது என்ற விஷயம் வெளியே வரும்.

உங்கள் படிவத்தில் பெயர், பிறந்த தேதி, மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை) எண், காலை ஏழு முதல் இரவு ஏழு வரை பிள்ளை இருக்கும் இடம், பார்த்துக்கொள்பவர், அவருக்குக் கொடுக்கும் பணம், பெற்றோரின் ஷிப்ட். இவ்வளவு போதும். இரண்டாம் பக்கம் போனால் யாரும் நிரப்பமாட்டார்கள். மைகிட் கட்டம் காலியாக இருக்கும் பிள்ளையின் பெயரைத் தனியாகக் குறித்துவையுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையை எந்த உதவித் திட்டத்திலும் நுழைப்பது பெரும்பாடு. அந்தக் குடும்பத்தை முதலில் தேசியப் பதிவிலாகாவுக்கு அழைத்துப் போக வேண்டும். (மாநிலக் கல்வி இலாகாவுக்கும் தேசியப் பதிவிலாகாவுக்கும் மலாய்ச் சுருக்கம் ஒன்றே: ஜேபிஎன். கூட்டக் குறிப்பில் முழுப் பெயரையே எழுதுங்கள். தவறான ஜேபிஎன்னுக்குப் போன கடிதம் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.)

"பார்த்துக்கொள்பவர்" கட்டத்தில் பக்கத்து வீட்டு ஆன்டியின் பெயர் மூன்று நான்கு வீடுகளில் வரக்கூடும். வெவ்வேறு வீடுகளைச் சேர்ந்த, 4 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நான்கு பேரையோ அதற்கு மேலோ பணம் வாங்கிக்கொண்டு பார்த்தாலே, சட்டப்படி அது பதிவு செய்ய வேண்டிய தஸ்கா. அவரை மிரட்டாதீர்கள், காட்டிக்கொடுக்காதீர்கள். பத்துக்குக் குறைவான பிள்ளைகள் இருந்தால் வீட்டு தஸ்காவாகவே பதியலாம். பராமரிப்பாளர் பயிற்சிக்கு அனுப்பி, படிவத்தை நிரப்பி, அவரைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தால், புதிதாக ஒரு மையம் கட்டும் செலவு மிச்சம். என்னைக் கேட்டால் இந்த வேலையில் மிகக் குறைந்த பணத்தில் அதிகப் பலன் தருவது இதுதான். பதிவில்லாத இடத்துக்கு எந்த அலுவலகமும் காசு நீட்டாது. பெற்றோருக்குக் கிடைக்கும் 3,000 ரிங்கிட் வரையிலான வருமான வரிக் கழிவும் பதிவுபெற்ற மையத்துக்குக் கட்டிய ரசீதுக்குத்தான்.

ஒரே காலை, நான்கு அலுவலகம்

மையப் பதிவுக்குத் தீயணைப்பு இலாகா, சுகாதார இலாகா, பினாங்கு மாநகர் மன்றம் மூன்றின் ஆதரவும் வேண்டும். ஒவ்வொன்றாக அழைத்தால், தீயணைப்பு சொன்ன இடத்தில் கதவு போட்டு முடித்த பிறகு சுகாதாரம் வந்து, அங்கேதான் கைகழுவும் தொட்டி வர வேண்டும் என்று சொல்லும் நிலை வரலாம். இடத்தின் வரைபடத்தை மேசையில் விரித்து, இந்த மூவரையும் பதிவு தரும் சமூக நல இலாகாவையும் ஒரே காலையில் நேரில் பார்க்க அழையுங்கள். கடிதம் மலாயில், ஒரு பக்கம். சுவருக்குச் சாயம் அடிப்பதற்கு முன்னால் அழையுங்கள், அடித்த பிறகு வேண்டாம். சமைப்பவருக்கு டைபாய்டு ஊசியும் உணவு கையாளும் பயிற்சியும் முடிந்திருக்கட்டும். இந்தச் சின்ன விஷயத்தில் மையம் திறக்கும் தேதியே தள்ளிப் போகும்.

இடம் பார்க்கும்போது சுங்கை பினாங் என்பது முதலில் ஓர் ஆறு என்பதை மறக்க வேண்டாம். கைக்குழந்தைகள் என்றால் எல்லாரும் தரைத்தளம்தான் கேட்பார்கள். 2017 நவம்பர் வெள்ளத்தில் பினாங்கில் மூழ்கியதும் தரைத்தளங்கள்தான். தண்ணீர் எதுவரை வந்தது என்று பழைய குடியிருப்பாளர்களைக் கேட்டு, சுவரில் அந்த உயரத்தைக் குறித்துப் படம் எடுத்து விண்ணப்பத்தில் வையுங்கள். பதிவேடுகள் மேல்மாடியில் இருக்கட்டும்.

மாநில அரசிடம் போகும்போது உங்களுக்கு ஒரு வசதி உண்டு. 2023 முதல் சமூக மேம்பாடு, சமூக நலனுக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினராக இருப்பவர் லிம் சியூ கிம். சுங்கை பினாங் சட்டமன்ற உறுப்பினரும் அவரே. அதற்காக முதல் நாளே அங்கே போய் நிற்காதீர்கள். கணக்கெடுப்பும் அதிகாரிகளின் பார்வையும் முடிந்து, குறிப்பிட்ட ஒரு தொகைக்காக மட்டும் போனால் பேச்சு பத்து நிமிடத்தில் முடியும். 2018-இல் முதல்வர் சௌ கொன் இயோ அறிவித்த பினாங்கு 2030 இலக்கின் முதல் சொல்லே குடும்பம். விண்ணப்பத்தில் அதை மேற்கோள் காட்டுவது முகத்துதி ஆகாது. கோப்பை மேலே அனுப்பும் அதிகாரிக்கு ஒரு காரணம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இந்தியப் பிள்ளைகளுக்கு மித்ரா உண்டு. 2014-இல் செடிக் என்று பிறந்து, 2018-இல் பெயர் மாறி, பிரதமர் துறைக்கும் ஒற்றுமை அமைச்சுக்கும் இடையே இடம் மாறிய பிரிவு அது. குறைந்த வருமான (பி40) குடும்பப் பிள்ளைகளின் பாலர் கட்டணத்துக்கு உதவியிருக்கிறது. ஆனால் சுங்கை பினாங் அடுக்குமாடியில் மலாய், சீனப் பிள்ளைகளும் அதே வகுப்பில் உட்காருவார்கள். ஒருவருக்குக் கட்டணம் குறைவு, பக்கத்தில் இருப்பவருக்கு முழுக் கட்டணம் என்றால் வாட்ஸ்அப் குழு மாலைக்குள் கொதிக்கும். கட்டணப் பட்டியலைச் சுவரில் ஒட்டாதீர்கள். இன அடிப்படையில் வரும் பணத்தைத் தனிப் பிள்ளையின் கட்டணத்துக்கும், பொதுவாக வரும் பணத்தை மையத்தின் செலவுக்கும் என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை நிறுவனங்களை அணுகினால் அவர்களின் முதல் கேள்வி, நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவு அங்கீகாரம் உங்களுக்கு உண்டா என்பது. இல்லையென்றால், அந்த அங்கீகாரம் உள்ள ஓர் அறவாரியத்தின் வழியாக நன்கொடை வர ஏற்பாடு செய்யுங்கள். ரொக்கத்தைவிட, அவர்களின் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இத்தனை இடம் என்று ஒப்பந்தம் போடுவது நிலைத்து நிற்கும். கைக்குழந்தைப் பராமரிப்பாளரின் சம்பளத்தை ஏற்க அதிகம் வாய்ப்புள்ளவர்களும் இவர்கள்தான். 98 நாளுக்குப் பிறகு ஆள் திரும்பி வராவிட்டால் நட்டம் அவர்களுக்கு.

ஒரு செலவுக்கு இரண்டு இடத்தில் பணம் கேட்பது தவறில்லை. மறைப்பதுதான் ஆபத்து. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் மற்ற எல்லாரிடமும் எவ்வளவு கேட்டிருக்கிறோம், எவ்வளவு வந்தது என்ற அதே ஒற்றைத் தாளை இணையுங்கள். ஒரே ரசீதை இரு கணக்கில் காட்டியது தணிக்கையில் வெளிப்பட்டால் உங்கள் சங்கத்துக்கு அந்த வாசல் மூடியதுதான்.

காலண்டரும் முக்கியம். கூட்டரசு வரவு செலவு அக்டோபரில், பினாங்கு மாநிலத்துடையது நவம்பரில் தாக்கலாவது வழக்கம். அதற்குள் இடம்பெற வேண்டுமானால் ஜூலையிலேயே உங்கள் எண் அதிகாரிகளின் கையில் இருக்க வேண்டும். பள்ளித் தவணை சில ஆண்டுகள் மார்ச்சுக்குப் போய், 2026-இல் ஜனவரிக்குத் திரும்பியது. பிள்ளைகள் ஜனவரியில் வந்துவிடுவார்கள், புதிய ஆண்டின் ஒதுக்கீடு கைக்கு வர மாதங்கள் ஆகும். அந்த இடைவெளிக்கு மூன்று மாதச் சம்பளம் கையிருப்பு இல்லாமல் மையத்தைத் திறக்காதீர்கள்.

உங்கள் சம்பளம்

கலிஃபோர்னியாவில் 1998-இல் மக்கள் வாக்களித்துச் சிகரெட் பாக்கெட்டுக்கு 50 சென்ட் வரி போட்டு, அதை ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கினார்கள். 58 மாவட்டங்களிலும் அதைச் செலவிட ஆணையம் உண்டு; ஒருங்கிணைப்பவருக்கும் அதிலேயே சம்பளம். மக்கள் புகைப்பதைக் குறைக்கக் குறைக்க அந்த வருமானம் சுருங்கி வருகிறது என்பது தனிக் கதை. சுங்கை பினாங்கில் அப்படி ஒரு வரி இல்லை. மானியப் படிவங்களில் ஒருங்கிணைப்பாளர் சம்பளம் என்ற வரியைத் தேடிப் பாருங்கள், அநேகமாக இருக்காது. ஆகவே நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் கேளுங்கள்: என் சம்பளம் எந்தக் கணக்கில் இருக்கிறது? ஓராண்டு மானியத்தில் என்றால், ஒவ்வொரு புதிய விண்ணப்பத்திலும் நிர்வாகச் செலவு என்று ஒரு பங்கைச் சேர்க்க ஒப்புதல் வாங்குங்கள். ஒப்பந்தம் டிசம்பர் 31-இல் முடிவதாக இருந்தால் மார்ச் வரை நீட்டச் சொல்லுங்கள். செலவு அறிக்கையும் தணிக்கையும் ஜனவரிக்குப் பிறகுதான் வரும். அவற்றை எழுதப்போவதும் நீங்கள்தான்.