குயிட்டோ நகரில் இரண்டு நாள்

விழுப்புரம் மாவட்டத்து இரும்பை கடலை அடுத்த ஊர். அங்கே அடுப்பில் வைத்த உலைநீர் 100 டிகிரி சென்டிகிரேடு அளவில் கொதிக்கும். தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டின் தலைநகராகிய குயிட்டோவிலோ 90 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ஆதலால் சோறு வேக நெடுநேரம் ஆகும். அந்நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. நம் நீலகிரியின் தொட்டபெட்டாச் சிகரமும் அதனினும் தாழ்ந்ததே! அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான்.

காலபாகசுத் தீவுகளைக் கப்பலில் சுற்றிவரச் செல்வோர் பலர் முதலில் இந்நகரில் தங்குவர். வந்து இறங்கியவுடன் விரைந்து ஊர் சுற்றுவோர்க்குத் தலைவலியும் மூச்சிரைப்பும் உண்டாதல் கூடும். உடல் மெல்லிய காற்றுக்குப் பழக ஓரிரு நாள் வேண்டும். ஆகவே முதல் நாள் பழைய நகரின் சதுக்கங்களில் மெல்ல நடந்து, உள்ளெங்கும் பொன்ரேக்கு ஒட்டிய இயேசு சபைக் கோயிலைக் காண்பதே தக்கது. 1605-இல் தொடங்கிய அக்கோயிற்பணி 1765-இல்தான் முடிவுற்றது. பிச்சிஞ்சா எரிமலைச் சாரலில் 4,000 மீட்டர் அளவுக்கு ஏறும் கம்பிவட ஊர்தியை மறுநாளுக்கு ஒதுக்கலாம்.

நகருக்கு வடக்கே நிலநடுக்கோட்டு நினைவுச்சின்னம் நிற்கிறது. உண்மையான கோடு அதற்கு ஏறத்தாழ 240 மீட்டர் வடக்கே செல்கிறது. ஆயினும் தரையில் தீட்டிய கோட்டின் இருபுறமும் காலூன்றிப் படம் எடுத்துக்கொள்வோர் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

பின்னர் விமானம் கடல் கடந்து தீவில் இறங்கும்பொழுது, மூச்சு இரும்பையில் வருவதுபோல் எளிதாக வரும்.