அடக்கினால் அமைதி வருமா?

வடமாலபேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

"அடிக்கடி விழுந்து எழும் ரூட்டைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்தால் நெட்வொர்க் நிம்மதியாக இருக்குமே, அதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?" என்று கேட்டாய். போனில் சொல்லித் தீராத விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

சத்தம் எங்கே வருகிறதோ அங்கேதான் கோளாறு என்று நினைக்கிறாய். நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று பாதை சொல்லிக்கொள்ளும் பிஜிபியில் அந்த நினைப்பு செல்லாது.

ஒரு ப்ரீஃபிக்ஸ், அதாவது ஒரு முகவரித் தொகுதி, ஒரே ஒரு முறை விழுகிறது என்று வை. உன் திருப்பதி ரூட்டர் அதைச் சென்னை, பெங்களூர், மும்பை மூன்று பக்கமும் கேட்டு வைத்திருக்கிறது. சென்னைப் பாதை போனதும் பெங்களூரைப் பிடிக்கும். அதுவும் செத்துவிட்ட செய்தி இன்னும் வந்து சேரவில்லை, பார். பிறகு மும்பை. அதற்குள் சென்னையிலிருந்தே வேறொரு நீளமான பாதை வரும், அடுத்துப் பெங்களூரிலிருந்து ஒன்று. கடைசியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்து ரூட்டை வாபஸ் வாங்கும்.

பக்கத்து ரூட்டர் இத்தனையையும் எண்ணிக்கொண்டிருக்கிறது. சிஸ்கோவின் வழக்கமான கணக்கில் பாதை மாறினால் 500, வாபஸ் ஆனால் 1000 அபராதம். நான்கு மாற்றம், ஒரு வாபஸ், மொத்தம் 3000. எல்லை 2000தான், ஆகவே ரூட் அடக்கப்படும். அபராதம் 15 நிமிடத்துக்கொரு முறை பாதியாகும், 750க்குக் கீழே இறங்கினால்தான் ரூட்டை மறுபடி ஏற்பார்கள். இரண்டே நிமிடத்தில் லிங்க் சரியாகிவிட்டாலும் உன் வழியாக அந்த ப்ரீஃபிக்ஸ் ஏறக்குறைய அரை மணி நேரம் செல்லாது.

மாற்றுப் பாதை கூடக் கூட அப்டேட்டும் கூடும். அப்படியானால் யாருக்கு அடி அதிகம்? இரண்டு மூன்று கம்பெனிகளுக்குப் பணம் கட்டி, பொறுப்பாக இணைப்பு வைத்திருப்பவனுக்கு! எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

இப்படி அபராதம் போட்டு ரூட்டை அடக்குவதற்குப் பெயர் டேம்ப்பிங். அது 1998இல் ஆர்எஃப்சி 2439 என்ற இணைய நெறி ஆவணமாக வந்தது. அதை எழுதியவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியில் படித்த ரமேஷ் கோவிந்தன். இதன் தீங்கை 2002இல் சிக்காம் மாநாட்டில் எடுத்துக்காட்டிய கட்டுரையிலும் அவர் பெயர் இருக்கிறது. தான் வகுத்ததைத் தானே சோதித்துப் பார்த்த மனிதர் என்று அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. அந்தக் கட்டுரையில் ஜார்ஜ் வர்கீஸும் உண்டு. அவருடைய 'நெட்வொர்க் அல்காரிதமிக்ஸ்' என் மேஜையை விட்டு நகர்வதில்லை. நீயும் வாங்கிப் படி. வீடியோ பார்த்து ரூட்டிங் கற்கும் பழக்கத்தை முதலில் விடு.

2006இல் ஐரோப்பாவின் ரைப் அமைப்பு டேம்ப்பிங்கே வேண்டாம் என்றது. பின்னால் அளந்து பார்த்தபோது, 3 சதவீத ப்ரீஃபிக்ஸ்கள் 36 சதவீத அப்டேட்களைக் கிளப்புவது தெரிந்தது. அந்தச் சிலவற்றை மட்டும் பிடித்தால் போதும் என்று 2014இல் ஆர்எஃப்சி 7196 வந்து, எல்லை குறைந்தது 6000 இருக்கட்டும் என்றது. இன்றும் பழைய 2000ஐ அப்படியே காப்பியடிக்கும் கான்ஃபிகைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

உங்கள் ரூட்டரில் என்ன இருக்கிறது என்று பார். 2000 என்றால் மாற்றச் சொல். மாற்றும் முன் ஒரு வாரம் அடக்கப்பட்ட ப்ரீஃபிக்ஸ் பட்டியலை எடுத்து வை. அதில் இரட்டை இணைப்பு வைத்த வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் என்று எண்ணி எனக்கு எழுது.

அன்புடன்,
உன் வாத்தியார்