ஊழியனும் அடிமையும்

ஒரே பொருளைச் சுட்டுவனபோல் தோன்றும் இரு சொற்கள் ஒரு மொழியில் உளவாயின், அவற்றிடையே நுண்ணிய வேற்றுமை ஒன்று இருத்தல் பெரும்பான்மை. ஆங்கிலத்தில் ‘ஸர்வண்ட்’, ‘ஸ்லேவ்’ என்னும் இரண்டும் அத்தகையன. முன்னதை ஊழியன் என்றும், பின்னதை அடிமை என்றும் தமிழில் வழங்குகின்றோம். இருவரும் பிறர்க்கு உழைப்பவரே. ஆயின், அவர்க்குள் வேறுபாடு யாது?

அடிமையின் வேலை கடியது, ஊழியன் வேலை எளியது என்பர் சிலர். அது பொருந்தாது. பண்டை உரோமாபுரியில் பிள்ளைகட்கு எழுத்தறிவித்தாரும், கணக்கெழுதினாரும் அடிமைகளுள் இருந்தனர். வெயிலில் நின்று கல்லுடைக்கும் கூலியாளோ அடிமையல்லன். வேற்றுமை வேலையில் இல்லை. ‘இனிச் செய்யேன்’ என்று சொல்லி அகலும் உரிமையில் உளது. அவ்வுரிமை உடையான் ஊழியன். அஃது இல்லான் அடிமை.

சொற்பிறப்பை நோக்கின் ஒரு வியப்புண்டு. ‘ஸர்வண்ட்’ என்பதன் வேர், இலத்தீன் மொழியில் அடிமையைக் குறித்த ‘ஸெர்வுஸ்’ என்னும் சொல்லே. ‘ஸ்லேவ்’ என்பதோ ஸ்லாவியர் என்னும் இனப்பெயரினின்று வந்தது. இடைக்காலத்து ஐரோப்பாவில் அவ்வினத்தார் பலர் சிறைப்பிடித்து விற்கப்பட்டமையால், அவர் பெயரே விலைப்பட்ட மாந்தர்க்கெல்லாம் பெயராயிற்று.

1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் ‘ஸ்லேவ்’ என்னும் சொல் ஒருமையும் பன்மையுமாக இரண்டே இடங்களில் வருகின்றது. ஒன்று எரேமியா 2-ஆம் அதிகாரம். மற்றொன்று வெளிப்படுத்தின விசேஷம் 18-ஆம் அதிகாரம். பின்னைய இடத்தில், வணிகர் விற்கும் சரக்குகளின் வரிசையிலே அச்சொல் நிற்றல் கருதத்தக்கது. ஏனைய இடங்களில், அடிமை எனப் பொருள்படும் ‘டூலொஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லைப் பெரும்பாலும் ‘ஸர்வண்ட்’ என்றே பெயர்த்தனர். நம் தமிழ் வேதாகமமோ இடம் நோக்கி இரு சொல்லையும் ஆள்கின்றது. பிலிப்பியர் நிருபத்து முதலதிகாரத்தில் பவுல் தம்மைக் கூறுமிடத்து ‘ஊழியக்காரர்’ என்கின்றது. இரண்டாம் அதிகாரத்தில், ஆண்டவர் எடுத்த கோலத்தைக் கூறுமிடத்து ‘அடிமை’ என்கின்றது. இரண்டிடத்தும் கிரேக்கச் சொல் ஒன்றே.

அடிமைத்தன்மை இழிவாயின், அச்சொல் இறைவன்பால் ஏற்றப்படுவது எங்ஙனம்? இதற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. காரமடை அரங்கநாதர் கோயிலின் மாசித் தேர்விழாவில் பந்தம் ஏந்திப் பந்தசேவை புரிவார் தம்மைத் தாசர் என்பர். தாசர் என்பதற்கு அடிமை என்பதே பொருள். நம் திருச்சபையாரும் தம் மக்கட்கு யேசுதாசன், தேவதாசன், யேசடியான் எனப் பெயரிடுகின்றனர். இவர் எவரும் நாணுவதிலர், பெருமையே கொள்வர். ஏனெனில், ஈண்டு ஒருவன் தன்னைத் தானே அளிக்கின்றான். பிறன் அவனைக் கொள்வதில்லை.

இனி, இதே கொங்கு நாட்டின் பண்ணைகளை நோக்குவோம். கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் முன்பணம் பெற்று ஆண்டு முழுதும் உழைத்தவர் பண்ணையாள் எனப்பட்டனர். பெயரளவில் அவர் ஊழியரே. ஆயினும் கடன் தீராதவரை வேறிடம் செல்ல இயலாதவர்க்கு அப்பெயர் என்ன பயன் தரும்? இந்தியாவில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என 1843-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அடிமை என்னும் பெயர் சட்டத்தில் அழிந்தும், பொருள் அழிந்திலது. ஆகவேதான் 1976-இல் கொத்தடிமை முறையை ஒழிக்கத் தனிச் சட்டம் வேண்டியதாயிற்று. அச்சட்டம் கடனையும் உடன் தீர்த்தது. பூட்டு எங்கே இருந்தது என்பதை அஃது அறிந்திருந்தது.

ஆகவே, இச்சொற்களை ஆள்வோர் இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும். உழைப்பவன் விடைபெற்றுச் செல்ல உரிமையுடையனோ? அப்பெயரைச் சொல்லுபவன் யார்? தன்னை அடிமை என்பது பக்தி. பிறனை அடிமையாக்குவது பாவம். மாணவராகிய நாம் நாளை அலுவலகத்திலோ, ஆலையிலோ, தோட்டத்திலோ பிறரை ஏவும் நிலை எய்துவோம். அந்நாளில் நம்மிடம் பணி புரிவோரை எப்பெயரால் அழைக்கின்றோம் என்பதைக் காட்டிலும், அவர் செல்லும் வாயில் திறந்துளதா என்பதை நோக்குவோமாக.