பிளஸ் ஒன் கணக்கை விட்டுவிடாதீர்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் காலையிலேயே எங்கள் வீட்டுக்கு யாராவது வந்துவிடுவார்கள். "பையன் இன்ஜினீயரிங்தான் படிப்பேங்கறான். எந்த குரூப்ல போடலாம் தம்பி?" வாலாஜாபாத்தில் இருந்துகொண்டு ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "அந்தப் பள்ளிக்கூடத்துல பிளஸ் ஒன் கணக்கை முழுசா நடத்துறாங்களா?"

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் 2009இல் பிளஸ் ஒன் சேர்ந்தேன். அப்போது அதற்குப் பொதுத்தேர்வு கிடையாது. சேர்ந்த சில வாரங்களிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு வருடமும் அதே புத்தகம், அதே கணக்கு. நல்ல கட்ஆஃப் வந்தது; அம்மா தெருவுக்கே கேசரி கொடுத்தார். கல்லூரியில் முதல் செமஸ்டர் கணக்கில் அரியர். வகையிடலும் தொகையிடலும் எனக்குப் பாதி மனப்பாடம், பாதி இருட்டு. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தோம். அந்த அரியரை முடிக்க எனக்கு மூன்று முறை ஆனது.

2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தபோது, இனி எந்தப் பிள்ளைக்கும் அந்த நிலை வராது என்று நினைத்தேன். 2025-26 கல்வியாண்டிலிருந்து அது மறுபடி இல்லை. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பாடம் நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு இப்போது பெற்றோர் தலையில் விழுந்திருக்கிறது.

போன வருடம் அக்கா மகள் உத்திரமேரூர் பக்கத்திலிருந்து வந்து நின்றாள். அரசுப் பள்ளியில் படித்தவள், நல்ல மதிப்பெண். ஒரு தனியார் பள்ளியில் கட்டணச் சலுகை தருகிறார்களாம், பிளஸ் ஒன்னுக்கு அங்கே மாற்றிவிடலாமா என்று அக்கா கேட்டார். நான் தடுத்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால்தான் இன்ஜினீயரிங்கில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு கிடைக்கும். 2021இல் வந்த சட்டம் இது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இரண்டு வருடச் சலுகைக்காக நான்கு வருடப் படிப்பைக் கைவிடலாமா? இது தெரியாமல் பிள்ளையை மாற்றிவிட்டு, கவுன்சிலிங் நேரத்தில் கண் கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அவளுக்கு அடுத்த குழப்பம், பயாலஜியா கம்ப்யூட்டர் சயின்ஸா என்பது. "கம்ப்யூட்டர் எடுத்தாத்தான மாமா சிஎஸ்இ கிடைக்கும்?" அப்படியில்லை. கட்ஆஃப் 200க்கு, கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. நான்காவது பாடம் அதில் வராது. கட்ஆஃப் சமமாக வந்தால் முதலில் கணக்கு மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். மருத்துவ ஆசை கொஞ்சமாவது இருந்தால் பயாலஜி எடுக்கட்டும். இல்லையென்றால் கம்ப்யூட்டர் எடுக்கலாம். சி பிளஸ் பிளஸும் பைத்தானும் முன்கூட்டியே கைப்பழக்கமாகும். கணக்கே இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப்பை மட்டும் இன்ஜினீயரிங் ஆசையுள்ளவர்கள் தொட வேண்டாம். அவள் கம்ப்யூட்டர் எடுத்தாள்.

பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கையால் வேலை செய்வதில்தான் பிரியம். அவனைப் பாலிடெக்னிக் போகச் சொன்னேன். டிப்ளமோ முடித்தால் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்துகொள்ளலாம்.

அக்கா மகள் தமிழ் வழி. நான் பட்ட இன்னொரு சிரமம் அவளுக்கு வரக்கூடாது என்று ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தேன். கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் கல்லூரியில் வழங்கும் பெயரைப் பென்சிலால் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அணி என்றால் மேட்ரிக்ஸ், வகைக்கெழு என்றால் டெரிவேட்டிவ். விஷயம் தெரிந்தும், வார்த்தை தெரியாமல் முதல் இரண்டு மாதம் கடைசி பெஞ்சில் நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பிளஸ் ஒன் கணக்கு இரண்டாம் தொகுதியைக் கொண்டுவந்தாள். ஓரமெல்லாம் அழுக்கேறி, பக்கத்துக்குப் பக்கம் பென்சில் எழுத்து. சைன் ஸ்கொயர் எக்ஸைத் தொகையிடச் சொன்னேன். பேனாவை எடுக்குமுன்பே, "இதை முதல்ல காஸ் டூ எக்ஸா மாத்தணும் மாமா, அப்படியே போட்டா வராது" என்றாள்.