கனடா மாமாவின் மட்டைகள்

போன ஞாயிறு வெள்ளவத்தையில் இருந்து ஒரு பெடியன் கொட்டாஞ்சேனைக்கு என்னைத் தேடி வந்தான். தோளில் கோல்ஃப் பை. ஸ்காபரோவில் இருக்கும் தாய்மாமன் லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்த பாவித்த மட்டைகள். 3ஆம் இலக்க அயனில் இருந்து பிட்சிங் வெட்ஜ் வரை எட்டும் பிளேட். சவர அலகு மாதிரி மெல்லிசு. "அங்கிள், இது பெரிய ஆட்டக்காரர் பாவிக்கிற சாமானாம். நான் பழகத் தொடங்கி மூன்று மாசம். இதால அடிக்கலாமோ?" என்றான்.

தேத்தண்ணி ஆறும்வரை அவனுக்குச் சொன்னதை மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் வீரன் இல்லை. நாற்பத்தைந்து வருசமாக ஆடியும் ஹேண்டிகேப் 19க்குக் கீழே இறங்காதவன். பிழையாக அடிப்பதில் எனக்கு நல்ல அனுபவம்.

1. அடிக்கலாம். ஒரு பையில் 14 மட்டைக்கு மேல் வேண்டாம் என்று 1938இல் அமெரிக்காவிலும் அடுத்த வருசம் மற்ற இடங்களிலும் விதி வந்தது. ஹேண்டிகேப் 54 உள்ளவர் இந்த மட்டையைத் தொடக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. கடைக்காரர் ஒட்டிய பெயரைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், பெருமைப்படவும் வேண்டாம்.

2. பிளேடுக்கும் குழிமுதுகு மட்டைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் விளங்கும். பிளேடின் முதுகு தட்டை, இரும்பு முழுக்க நடுவுக்குக் கிட்ட. மற்றதன் முதுகைக் குடைந்து, அந்த இரும்பைச் சுற்று விளிம்புக்குத் தள்ளியிருப்பார்கள். இதனால் என்ன? ஆடி வேலுக்குப் பாற்காவடி எடுத்தவர்களைக் கேளுங்கள். இரண்டு செம்பும் தண்டின் இரண்டு நுனியிலும் தொங்கும்போது காவடியைச் சட்டென்று திருப்ப ஏலாது. இரண்டையும் நடுவுக்கு நகர்த்திவிட்டால் விரலாலேயே சுழற்றலாம். பந்து மட்டையின் நுனியில் பட்டால் மட்டை முகம் திருகப் பார்க்கும். பிளேட் இலேசாகத் திருகிவிடும். விளிம்பில் பாரமுள்ளது அவ்வளவாகத் திருகாது. நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியில் எஞ்சினியராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் இந்தக் கணக்கை முதலில் பட்டரில் செய்து பார்த்தார். 1959இல் அவர் செய்த பட்டர் பந்தில் பட்டதும் 'பிங்' என்று சத்தம் போட்டதாம். கம்பனிக்கும் அதுவே பெயராயிற்று. பிறகு அதே யோசனை அயனுக்கும் வந்தது. அதற்கு முந்தி எல்லோருக்கும் பிளேட்தான். தொடக்கக்காரருக்கு வேறு, கெட்டிக்காரருக்கு வேறு என்ற பேச்சே இல்லை.

3. உங்களுக்கு எது சரி என்பதை என்னிடம் கேட்காதீர்கள், பவுடரிடம் கேளுங்கள். மட்டை முகத்தில் முகப்பவுடரைக் கொஞ்சம் தடவிவிட்டு அடியுங்கள். பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். (ஒருநாள் பவுடர் இல்லையென்று திருநீறு தடவினேன். வேலை செய்தது. வீட்டில் வாங்கிய பேச்சு இன்றும் காதில் இருக்கிறது.) பெடியனை 7ஆம் இலக்க பிளேடால் பத்துப் பந்து அடிக்கவிட்டேன். இரண்டு நடுவில். ஐந்து நுனிப்பக்கம். இரண்டு குதிப்பக்கம். ஒன்று கழுத்தில் பட்டு வலதுபக்க வலைக்குள் போனது. என் கணக்கு இது: பத்தில் ஏழு பந்தின் நடு ஒரு ரூபாய்க் குத்தியின் அகலத்துக்குள் விழுந்தால் பிளேட் உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாது. இரண்டென்றால் அது குருவி தலையில் பனங்காய்.

4. "அந்தக் காலத்தில் கெடிப் பெடியங்கள் இதாலதானே பழகினவை?" என்று கேட்டான். (பை தூக்குபவரைக் கேடி என்று எழுதினால் எங்கள் ஊரில் பொருள் மாறிவிடும், ஆகவே கெடி.) நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். றோயல் கொழும்பு கோல்ஃப் கழகம் 1879இல் காலிமுகத் திடலில் தொடங்கி, 1896இல் பொரளைப் பக்கம் போய், 1928இல் 'றோயல்' பட்டம் பெற்றது. களனிவெளி ரயில் பாதை இன்றும் மைதானத்தின் ஊடாகவே போகிறது. 1889இல் நுவரெலியாக் கழகமும் வந்துவிட்டது. இந்த இரண்டு இடத்திலும் பை தூக்கிய பிள்ளைகள், அங்கத்தவர் கழித்துவிட்ட ஒற்றை மட்டையை வைத்துக்கொண்டு பொழுது படும்வரை அடித்துப் பழகினார்கள். நந்தசேன பெரேராவும் அனுர ரோகணவும் கெடியாக இருந்து தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவர்கள். நந்தசேனவின் மகன் மித்துன் ஆசியச் சுற்றில் ஆடினார். நுவரெலியாவின் தங்கராஜா இந்தியத் தொழில்முறைச் சுற்றுவரை போனார். ஆகவே பிளேடால் பழக ஏலாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் நாள் முழுக்கப் புல்லில் நின்றவர்கள். தம்பி, நீ சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் அடித்துவிட்டு, பம்பலப்பிட்டியில் கொத்துரொட்டி தின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறவன். அவர்களுடைய மட்டை உன்னிடம் இருக்கிறது; அவர்களுடைய பின்னேரங்கள் இல்லை.

5. இலக்கத்தை நம்பாதீர்கள். தொடக்கக்காரருக்கென்று இன்று விற்கும் 7ஆம் இலக்கத்தின் சரிவு 28 முதல் 30 பாகை. பிளேடில் 34 பாகை அளவில் இருக்கும். எங்கள் காலத்தில் அதைவிடவும் கூட. சிநேகிதன் தன் புது மட்டையால் பதினைந்து யார் கூட அடித்தால், அதில் பாதி அவன் கை, மீதி கம்பனி பழைய 6ஆம் இலக்கத்தில் 7 என்று பொறித்துவிட்ட வேலை.

6. தலையைப் பற்றி எல்லோரும் கதைப்பார்கள், தண்டைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. எனக்குப் பட்டது தண்டால்தான். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க்காக இருந்தபோது, நாடு திரும்பிய ஒரு மனேஜர் தன் மட்டைகளை என்னிடம் தந்துவிட்டுப் போனார். எல்லாம் விறைப்பான உருக்குத் தண்டு, ஒவ்வொன்றும் 130 கிராம் கிட்ட. இரண்டு வருசம் என் பந்து தாழப் பறந்து வலதுபக்கமே போனது. நான் கையைத் திட்டினேன், தோளைத் திட்டினேன், புல்லையும் விடவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கூட ஆடியவர்கள் சிரித்தார்கள். கடைசியில் முழங்கை வீங்கியபிறகு ஒரு பழைய பயிற்றுநர், "கூடம் உண்மையிலேயே கோணல்தான்" என்று சொல்லி, வளைந்து கொடுக்கும் இலேசான தண்டு போட்டுத் தந்தார். தலை அதே பிளேட். பந்து நேரானது. 7ஆம் இலக்கத்தால் 140 யார் பறக்கவிட முடியாதவர்கள் மாமாவின் தண்டில் 'ஸ்டிஃப்' என்று ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தண்டை மாற்றலாம், தலை நல்லதென்றால் செலவு வீணாகாது.

7. 3ஆம், 4ஆம் இலக்க பிளேடை அலுமாரிக்கு மேலே போடுங்கள். விவாதம் இல்லை. அந்த இடத்துக்கு ஒரு ஹைபிரிட் வாங்குங்கள். நானும் அதைத்தான் அடிக்கிறேன்.

8. ஒக்டோபர், நவம்பர் மழையில் கொழும்புப் புல்லடி சேறாக இருக்கும். பிளேடின் அடிப்பாகம் ஒடுக்கம். பந்துக்கு ஒரு விரல் முந்தி நிலத்தைத் தொட்டாலே மண்வெட்டியாகிவிடும். அகன்ற அடியுள்ளது வழுக்கிக்கொண்டு போய்விடும். வெயில் காலத்தில் பிளேடால் நன்றாக அடித்தவன் மழைக்குப் பிறகு தன் கை கெட்டுவிட்டது என்று நினைப்பது இதனால்தான்.

9. வெள்ளவத்தைக்காரருக்குத் தனியாக ஒன்று. காலி வீதிக்குக் கடற்பக்கம் குடியிருந்தால் யன்னல் கம்பி என்ன பாடுபடுகிறது என்று தெரியும். மட்டையும் இரும்புதான். குரோம் பூச்சுத் தேய்ந்த பிளேட் உப்புக்காற்றில் ஒரு மாசத்தில் செம்மண் நிறமாகிவிடும். ஆடி முடிந்ததும் ஈரம் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி பூசுங்கள். ரப்பர் பிடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இந்தப் புழுக்கத்தில் வழுக்கும் பிடி எந்த மட்டையையும் கெடுக்கும்.

10. கெட்டிக்காரர் சாமானில் தொடக்கக்காரர் தயங்காமல் எடுக்கக்கூடியவை இரண்டு: பட்டர், வெட்ஜ். பட்டருக்குச் சாதி கிடையாது. கண்ணுக்குப் பிடித்து நேரே உருண்டால் போதும். வெட்ஜில் அடி வளைவு கூடியதைப் பாருங்கள், எங்கள் ஈரப் புல்லுக்கு அதுதான் தோது. டிரைவரில் எதிர்: 9 பாகையை விட்டு 10.5 அல்லது 12 பாகையை எடுங்கள். விலை கூடிய பந்தைப் பற்றி, ஒரு வட்டத்தில் நாலு பந்து தண்ணீருக்குள் போடுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

11. பெடியனுக்குக் கடைசியில் சொன்ன ஏற்பாடு: 7, 8, 9 மூன்று பிளேடும் பயிற்சிக்கு மட்டும், பவுடர் தடவி. மைதானத்துக்குப் போகும்போது என்னிடம் சும்மா கிடக்கும் பழைய குழிமுதுகு மட்டைகளைக் கொண்டுபோகட்டும். அவனுக்குச் சம்மதம்தான், ஆனால் முகம் வாடியிருந்தது. என்னவென்று கேட்டால், மாமா ஒவ்வொரு கிழமையும் வட்ஸ்அப்பில் படம் கேட்கிறாராம். "படத்துக்கு மாமாவின்ட மட்டையைப் பிடி, படம் எடுத்து முடிந்ததும் என்னதை எடு" என்றேன். முந்தாநாள் படம் வந்தது. பிளேட் வெயிலில் பளபளவென்று நல்லாய்த்தான் இருக்கிறது. பிடித்த கைதான் பிழை. இடதுகைப் பெருவிரலை இன்னும் கொஞ்சம் வலதுபக்கம் வைக்கச் சொல்லிப் பதில் போட்டிருக்கிறேன்.